சாய்வு மேசையில் பாஸான குழாய்

தீக்குச்சி என்ற பெயரை அவளுக்கு வைத்தவர் அத்தான். அக்கா கல்யாணத்தன்று வைத்தார். ஒல்லி உடம்பு, தலைக்கனம், உரசினால் பற்றிக்கொள்ளும் குணம் என்று மூன்று பொருத்தமும் சொல்லி, வந்திருந்தவர்களைச் சிரிக்கவைத்தார். அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிறகு கல்லூரி போய், மேல்படிப்புப் படித்து, வெப்பத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தபோது, பட்டத்தை யாரும் கவனிக்கவில்லை. பெயர் அவளுக்கு முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஏனென்றால் அந்தப் பிரிவுக்குத் தலைவரே அத்தான்தான். வெல்டர் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து, "தீக்குச்சி மேடம்" என்பார்.

அந்தப் பிரிவில் விண்கலத்துக்கு வெப்பக் குழாய் செய்தார்கள். விண்கலத்துக்குள் மின்சாரம் உண்டாக்க ஒரு சின்ன உலை இருக்கும். அதன் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டாவிட்டால் அது தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். அங்கே காற்றும் கிடையாது, விசிறி வைத்தும் பிரயோஜனமில்லை. அதனால் இரண்டு முனையும் மூடிய ஓர் உலோகக் குழாய். உள்ளே கொஞ்சம் சோடியம். சூடான முனையில் சோடியம் உருகிக் கொதித்து ஆவியாகி, குளிர்ந்த முனைக்கு ஓடும். அங்கே சூட்டை இறக்கிவைத்துவிட்டுத் திரவமாகும். அந்தத் திரவம் மறுபடி சூடான முனைக்குத் திரும்பி வரவேண்டும். அதற்குத்தான் குழாயின் உள்சுவர் முழுக்க ஒரு சல்லடைத் திரி. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது சோடியத்தை இழுத்து வரும். மோட்டார் இல்லை, பம்பு இல்லை, கெட்டுப்போக எதுவுமே இல்லை. மனிதர்கள் கைவைக்காதவரை.

திரிக்கு அவள் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தது மிக மெல்லிய எஃகுச் சல்லடை. தூரத்திலிருந்து பார்த்தால் பட்டுத் துணி போலப் பளபளக்கும். கண்கள் பொடியாக இருந்தால்தான் திரி திரவத்தை இறுக்கி இழுக்கும். அந்தச் சல்லடையைக் கம்பியில் சுற்றிக் குழாய்க்குள் நுழைக்கும்போது கிழிந்தது. இன்னொன்று எடுத்தார்கள், அதுவும் கிழிந்தது. மூன்றாவது தடவை அத்தானின் பொறுமை கிழிந்தது. எங்கிருந்தோ ஒரு முரட்டுச் சல்லடையை வரவழைத்தார். வெல்டர் அதைப் பார்த்தவுடனேயே அதற்குக் கொசுவலை என்று பெயர் வைத்துவிட்டார்.

"இது முழுச் சூட்டைத் தாங்காது. பாதிதான் தாங்கும்" என்று அவள் கணக்கை நீட்டினாள்.

அத்தான் கணக்கை வாங்கவில்லை. கொசுவலைக் குழாயைச் சோதனை மேசையில் ஏற்றி முழுச் சூடு கொடுத்தார். தாங்கியது. அனாயாசமாகத் தாங்கியது.

"உன் கணக்கு தாங்காதுங்குது. குழாய் தாங்குது. நான் யாரை நம்பட்டும், சொல்லு. உன்னையா, குழாயையா?"

பிரிவே சிரித்தது. வெல்டர்கூடக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவள் எதைச் சொன்னாலும், மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொன்னால்கூட, "கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?" என்று யாராவது கேட்டார்கள். அவள் கணக்கைத் திரும்பப் போட்டாள். வேறு வழியில் போட்டாள். தலைகீழாகப் போட்டாள். எப்படிப் போட்டாலும் பாதிதான் வந்தது. சின்ன வயதில் வாய்ப்பாட்டைத் தப்பாக மனப்பாடம் செய்துவிட்டோமோ என்றுகூடச் சந்தேகம் வந்து, ஒருநாள் பஸ்ஸில் ஏழாம் வாய்ப்பாட்டை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர்தான் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

மாதங்கள் போயின. கொசுவலை போட்டு எட்டுக் குழாய்கள் தயாராயின. வாங்கப்போகிறவர்கள் அனுப்பும் அதிகாரி மறுநாள் காலை வந்து ஒரு குழாயின் சோதனையை நேரில் பார்ப்பார், பார்த்துவிட்டு எட்டையும் எடுத்துக்கொண்டு போவார் என்று ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் அவள் சோதனை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் நீளமான எஃகுத் தொட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். குழாய் அதற்குள் படுத்திருக்கும். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சூடேற்றி, பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். துடைக்கிற அவசரத்தில் ஸ்பிரிட் பாட்டில் முழங்கையில் பட்டுச் சாய்ந்தது. கொட்டிய ஸ்பிரிட் மேசைமேல் பரவவில்லை. ஒரு கோடாகத் திரண்டு, ஹீட்டர் இருக்கிற பக்கம் பார்த்து விறுவிறுவென்று ஓடியது.

துடைத்தாள். பிறகு வேண்டுமென்றே கொஞ்சம் ஊற்றினாள். அதுவும் வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி அதே பக்கம் போனது.

வெல்டரிடம் ரசமட்டம் வாங்கிவந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே இருந்த குமிழி ஒரே ஓட்டமாகக் குளிர் முனைப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் உசரம், ஹீட்டர் பக்கம் பள்ளம். அவள் மண்டிபோட்டு மேசைக்கு அடியில் பார்த்தாள். குளிர் முனைப் பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒரு தடித்த இரும்புத் தட்டின்மேல் நின்றிருந்தன. மேசைக்கு அடித்த அதே சாம்பல் பெயின்ட் தட்டுக்கும் அடித்திருந்தது. பல வருஷப் பெயின்ட்.

"இது என்ன?"

வெல்டரும் குனிந்து பார்த்தார். "கால் மேடம்."

"கால் இல்ல. காலுக்கு அடியில."

"அது கால் இல்லையா? நான் வந்ததுலேர்ந்து அதுக்கும் சேத்துத்தான் பெயின்ட் அடிக்கிறேன்."

அவளுக்குக் காது மடல் சூடேறியது. அந்தக் கம்பெனி முன்னே தொழிற்சாலை உலைகளுக்குக் குழாய் செய்துகொண்டிருந்தது. பூமியில் பயன்படுகிற குழாயில் சூட்டு முனையைக் கீழே வைப்பதுதான் முறை. திரும்பி வருகிற திரவம் தானாகவே கீழே இறங்கிவிடும். திரி பேருக்கு இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. தட்டு அந்தக் காலத்தில் நியாயமாக வைத்த தட்டு. பிறகு விண்வெளி வேலை வந்தது. வாசல் போர்டை மாற்றினார்கள். வரவேற்பறையில் ராக்கெட் படம் மாட்டினார்கள். மேசையை யாரும் மாற்றவில்லை. கொசுவலைத் திரி பாதிதான் இழுத்திருக்கிறது. மீதியைப் பூமி இழுத்துக் கொடுத்திருக்கிறது. மேலே போனால் இழுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது பயமோ, விண்கலத்தைப் பற்றிய கவலையோ இல்லை. ஏழாம் வாய்ப்பாடு ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தான் அறைக்குப் போனாள்.

ஆபீஸில் அவரை "சார்" என்பது வழக்கம். அன்றைக்கு வாயில் சார் வரவில்லை.

"அத்தான், மேசை சாய்வா இருக்கு."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த மேசை?"

"நம்மகிட்ட இருக்கிறதே ஒரு டெஸ்ட் மேசைதான்."

"சரி."

எவ்வளவு சாய்வு என்று அவர் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்றும் கேட்கவில்லை. கேட்காததில் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

"உங்களுக்குத் தெரியும்."

"அந்தத் தட்டை நான் வைக்கல."

"எடுக்கவும் இல்ல."

"எல்லா மேசையும் கொஞ்சம் சாய்வாத்தாம்மா இருக்கும். பூமியே உருண்டை."

"எத்தனை மாசம் என் கணக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. எல்லார் முன்னாடியும்."

"கணக்கு தப்புன்னு நான் சொன்னதே இல்லையே. குழாய் தாங்குதுன்னு சொன்னேன். தாங்குச்சா இல்லையா?" இப்போதுதான் அவர் திரும்பினார். "நாளைக்கு அந்த அதிகாரி அம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும். தேதி தவறினா ஆர்டரே கைவிட்டுப் போயிடும். உன் கோபத்தை ரெண்டு நாள் ஃப்ரிட்ஜுல வை."

அவள் நேராக முதலாளியிடம் போனாள். முதலாளி நல்ல மனிதர். யார் வந்து எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், அடுத்தவர் வந்து நேர் எதிராகச் சொன்னாலும் அதே அளவு ஆட்டுவார். அவள் சொன்னதையும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"புரியுது. அப்போ மேலேயும் குழாயைக் கொஞ்சம் சாய்வா மாட்டச் சொல்லிட்டா?"

"எந்தப் பக்கம் சாய்க்கச் சொல்லலாம், சார்?"

"கீழ் பக்கம்தான்."

"அங்க கீழ் பக்கம் கிடையாது, சார்."

முதலாளி யோசித்தார். "அதையும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார். பிறகு, "நாளைக்குப் பாஸ் ஆகட்டும்மா. அப்புறம் நிதானமா உக்காந்து சரிபண்ணலாம்."

"அப்புறம் அது இங்க இருக்காது, சார். போய்ப் பிடிச்சுட்டு வர முடியாது."

"அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டு, யாருக்கோ போன் செய்ய ஆரம்பித்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். ஒரே கட்டடம், அவள் குடியிருப்பது அக்காவுக்கு ஒரு மாடி மேலே. அக்கா காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். நாள் முழுக்க ஜனங்களின் காதில் மெல்லிய சத்தம் கொடுத்து, கேட்டால் கை தூக்குங்கள் என்று சொல்லிச் சொல்லி, வீட்டிலும் ஒரு சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். தங்கை சொல்லி முடிக்கும்வரை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளியாளுங்க முன்னாடி அவரைத் தலைகுனிய வெச்சிடாதடி."

"என்னை உள்ளாளுங்க முன்னாடி குனிய வெச்சாரே, அது பரவாயில்லையா?"

"நான் அப்படிச் சொல்லல."

"பின்ன எப்படிச் சொல்ற? நான் வேணும்னே வம்புக்கு நிக்கிறேனா? அந்தக் குழாய் மேல போய்க் காஞ்சு கருகும்க்கா. திரி யாரோடதுன்னு கேப்பாங்க. என்னோடதுன்னு சொல்வாங்க."

அக்கா ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "என்கிட்ட வர்ற சிலபேர் என் விரலையே பாத்துட்டிருப்பாங்க. நான் பட்டனை அமுக்கினா கை தூக்குவாங்க. காதே கேக்காது, ஆனா நூத்துக்கு நூறு வாங்குவாங்க."

"நீ என்ன பண்ணுவ?"

"நாற்காலியைத் திருப்பிப் போடுவேன்." சொல்லிவிட்டு, இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் நிமிர்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளே வந்தார். கொழுந்தியாள் இருப்பதைப் பார்த்ததும் செருப்பை ரொம்ப நேரம் கழற்றினார்.

"மேசை நேரா இருந்தா அந்தக் குழாய் பாஸ் ஆகுமா?" அக்கா கேட்டாள்.

"பசங்க சாப்ட்டாச்சா?"

"ஆகுமா ஆகாதா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

பதினைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் செய்த தப்புகளில் இது மேல்வரிசையில் வரும். அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ. காலைல உனக்கு வேலை இருக்கு" என்றாள்.

காலையில் வெல்டரும் அவளும் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். மேசையை ஜாக்கி வைத்துத் தூக்கினால், தட்டு காலோடு சேர்ந்தே எழும்பியது. பெயின்ட் அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது. உளி வைத்துக் கொத்தவேண்டியிருந்தது.

"நம்ம வேலை போயிடுமா, மேடம்?"

"உங்களது போகாது. மேசைக்குக் கால்னு நெனச்சேன்னு சொல்லிடுங்க."

"அதான் உண்மையும்" என்றார் வெல்டர், மனம் நொந்து.

தட்டு பெயர்ந்து வந்தது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது. தட்டை ஒளிக்கவில்லை, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மேசைமேலேயே வைத்தாள்.

அதிகாரி அம்மாள் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேச்சும் அந்த அளவுதான். முதலாளி ஒரு பக்கம், அத்தான் ஒரு பக்கம் அழைத்து வந்தார்கள். அத்தானின் கண் முதலில் தட்டில் விழுந்தது, அடுத்து மேசையின் காலில், அடுத்து அவள் மேல்.

"மேடம், இன்னிக்கு வேண்டாம். ஹீட்டர்ல ஏதோ கோளாறு" என்றார்.

"கோளாறைப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்று அம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மேசையை இன்னிக்குக் காலைலதான் சமமாக்கினேன்" என்றாள் தீக்குச்சி. "இதுவரைக்கும் இந்தத் தட்டு அந்தக் கால்களுக்கு அடியில இருந்துச்சு." அம்மாள், "ம்" என்றார்.

சூடேற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் முனை கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. பிறகு அந்தச் சிவப்பு ஊர ஆரம்பித்தது. குழாயின் நீளத்துக்கு, அவசரமில்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெளிச்சம் நடந்து போவதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அது அலுக்காது. அன்றைக்கும் ஒரு கணம் கோபத்தை மறந்து பார்த்தாள். பாதிச் சூட்டில் குழாய் முழுக்க ஒரே நிறமாக ஒளிர்ந்தது. அத்தானின் முகத்திலும் கொஞ்சம் ஒளி வந்தது.

பாதியைத் தாண்டி ஏற்றினாள்.

முதலில் குளிர் முனை மங்கியது. அடுத்து ஹீட்டர் முனை ஆரஞ்சானது. திரி காய்கிறது. திரவம் திரும்பி வரவில்லை, சூடு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. திரையில் எண் ஏறியது.

"ஆஃப் பண்ணு" என்றார் அத்தான், உதடு அசையாமல்.

"குழாயை நம்புறவர்தானே நீங்க. அது பேசி முடிக்கட்டும்."

ஆரஞ்சு மஞ்சளானது. எந்த எண்ணில் நிறுத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. இப்போது அவள் நிறுத்தினால், சீக்கிரம் நிறுத்திவிட்டாள், விட்டிருந்தால் தாங்கியிருக்கும் என்று காலம் முழுக்கச் சொல்வார்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அத்தான் பாய்ந்து போய்த் தானே சுவிட்சை அணைத்தார்.

அம்மாள் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். "நீங்க அனுப்பின ரிப்போர்ட்ல முழுச் சூடு தாங்குச்சுன்னு இருக்கே."

முதலாளி அத்தானைப் பார்த்துத் தலையாட்டினார், பதில் சொல்லுங்கள் என்பதுபோல.

அத்தான் அவள் பக்கம் கையைக் காட்டினார். "திரி டிசைன் இவங்களோடது, மேடம்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அக்கா புருஷன், அவள் பெயரையே மாற்றிவிட்ட மனுஷன், நேற்றைக்குப் பூமி உருண்டை என்று சொன்னவர். கத்திவிடுவோம் என்றுதான் நினைத்தாள். குரல் வந்தபோது அவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அடங்கி வந்தது.

"என் டிசைன்ல இருந்த சல்லடை ஸ்டோர்ல மூணு சுருள் சுத்தி வெச்சிருக்கு. கொண்டுவரச் சொல்றேன். அதையும் பாருங்க, இதுக்குள்ள இருக்கிறதையும் அறுத்துப் பாருங்க. ரெண்டும் ஒண்ணுன்னு இவர் என் முகத்தைப் பாத்துச் சொன்னா, நான் ஒத்துக்கிறேன்."

அத்தான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். தரையில் உளி கொத்திய பெயின்ட் துண்டுகள் கிடந்தன.

"அந்தத் தட்டைத் திரும்ப வைங்க" என்றார் அம்மாள்.

குழாய் ஆறும்வரை காத்திருந்து, தட்டைப் பழைய இடத்தில் வைத்து மறுபடி சூடேற்றினார்கள். அதே குழாய். முழுச் சூட்டில், முனைக்கு முனை ஒரே சிவப்பாக, குற்றம் சொல்ல இடமில்லாமல் ஒளிர்ந்தது. அம்மாள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"மேசை பாஸ்" என்றார். "மேசையை மேல அனுப்புறதா இருந்தா சொல்லுங்க, எடுத்துக்கிறேன். குழாய் எட்டும் வேண்டாம்." சரியான திரி போட்டு, சமமான மேசையில் பாஸ் செய்து காட்ட ஆறு வாரம் தவணை கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த நாள் முதலாளி கூட்டம் போட்டு விசாரித்தார். சாயங்காலம்வரை ஆராய்ந்ததில், குற்றம் தட்டின் மேல்தான் என்று ஏகமனதாக முடிவானது. 'மேசைக்கு அடியில் எதையும் வைக்கக் கூடாது' என்று ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். அத்தான் பிரிவுத் தலைவராகவே நீடித்தார். தீக்குச்சியை மட்டும் தனியே கூப்பிட்டு, "திறமை இருக்கு, இவ்வளவு கோபம்தான் உடம்புக்கு ஆகாதும்மா" என்று முதலாளி அக்கறையாகச் சொன்னார். உங்கள் உடம்புக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்து, ஆறு வாரத்தை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

மெல்லிய சல்லடை மறுபடி மேசைக்கு வந்தது. சுற்றினாள், கிழிந்தது. வெல்டர் பிடித்தார், கிழிந்தது. நாலு கை ஒரே இழுவையில், ஒரே வேகத்தில் போகவேண்டும். அந்தக் கம்பெனியில் சல்லடை சுற்றித் தழும்பேறிய கை ஒன்றே ஒன்றுதான். அவள் இரண்டு நாள் வறட்டுப் பிடிவாதமாக ஒரு சுருளைப் பாழாக்கிவிட்டு, மூன்றாம் நாள் அத்தான் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், சல்லடை பிடிக்கணும்."

அவர் எழுந்து வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்று சல்லடையின் ஓரத்தைப் பிடித்தார். இருவரும் நடுவிலிருந்த கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள்.

"அக்கா உன்கிட்டப் பேசுறாளா?" சுற்றிக்கொண்டே கேட்டார்.

"பேசுறா."

"என்கிட்ட இல்ல."

"இறுக்கிப் பிடிங்க."

"அன்னிக்குத் திரி உன்னோடதுன்னு சொன்னது... அந்த நேரத்துல வாயில அப்படி வந்துடுச்சு."

"இன்னும் இறுக்கி. பேசினா கை தளருது உங்களுக்கு."

அவர் இறுக்கிப் பிடித்தார். இழுவை ஒரு இழை கூடாமல் குறையாமல் வந்தது. சல்லடை கம்பியில் படிந்து, சுற்றுமேல் சுற்றாக ஏறி, சுருக்கமில்லாமல் உருண்டு நின்றது. குழாய்க்குள் நுழைத்தார்கள். வழுக்கிக்கொண்டு போய் மறுமுனையில் எட்டிப் பார்த்தது. எங்கேயும் கிழியவில்லை.

வெல்டர் கை தட்டினார். அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இதில் என்ன கஷ்டம் என்பதுபோல் லேசாகச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார்.

அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கிழிந்திருந்தால்கூடத் தேவலை. அப்போதே இதே கையால் அரை மணி நேரம் இப்படிப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். கொசுவலை வந்திருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா என்று ஒரு பயலும் கேட்டிருக்கமாட்டான்.

"அடுத்தது" என்றாள், சுருளை அவர் பக்கம் தள்ளி. "இன்னும் ஏழு இருக்கு."